இடது முன் சக்கரத்தில் தேனீக்கள்

பிப்ரவரி 3

பேருந்து டிப்போ, முன் அச்சுப் பிரிவு மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். இதை எழுதுவது உங்கள் அண்ணனின் மனைவி அல்ல, ஒரு பழைய லாரியின் ஓட்டுநர். அண்ணியாக எழுத ஆரம்பித்தால் போன மாதம் நாத்தனாராக நீங்கள் பேசியதற்குப் பதில் பேச வேண்டி வரும். அதற்கு இந்தத் தாள் போதாது.

ஏணியிலிருந்து விழுந்த அண்ணனைப் பார்க்க வந்தீர்கள். திரும்பும்போது நான்தான் லாரியில் கொண்டுபோய் நிறுத்தத்தில் விட்டேன். வண்டியின் முன்பக்கம் ஆடுகிறது என்றேன். வழி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இறங்கியதும் அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள்: "வண்டி ஆடல அண்ணி, ஓட்டுற கைதான் ஆடுது. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்." நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய.

நிறுத்தம்வரை உள்ள அந்த மண் ரோட்டில் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஆட்டம் வருவது தார் ரோட்டில், ஐம்பதைத் தாண்டினால். உங்களிடம் இதைச் சொல்ல வாயெடுத்தபோது பஸ் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் ஓட்டிய வரை இந்த ஆட்டம் இல்லை. அவர் கையில் கட்டுப் போட்ட வாரம்தான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அந்த வாரம்தான் ஆட்டமும் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன், நடுங்குகிறதா என்று.

போன வாரம் கொஞ்சம் தேனீப் பெட்டிகளை மேல் தோட்டத்துக்கு ஏற்றிப் போனேன். இறக்கும்போது மூன்று பெட்டியில் அடைகள் உடைந்து தேன் வழிந்து கிடந்தது. ஒன்றில் ராணி நசுங்கிப் போயிருந்தாள். இந்த எலுமிச்சைத் தோட்டத்தின் முதலாளி வரும் 26ஆம் தேதி மருந்து அடிக்கப் போகிறார். அதற்குள் எல்லாப் பெட்டிகளையும் மலைப்பாதை ஏறி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் ஒரு தேனீ மிஞ்சாது. தேனீ என்று சொன்னால் வேறு எந்த லாரிக்காரரும் கும்பிடு போட்டு ஓடிவிடுகிறார். பக்கத்தில் இருக்கிற ஒரே மெக்கானிக் பட்டறையும் அதே மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஆடுவது கையா சக்கரமா என்று எனக்குத் தெரிய வேண்டும். கைதான் என்றால் எழுதிவிடுங்கள், கையைக் கட்டிக்கொண்டு வேறு ஓட்டுநரைத் தேடுகிறேன். இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வழியாக வரும் உங்கள் டிப்போ டிரைவர், அந்தப் பெரிய மீசைக்காரர், கடிதம் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர்


பிப்ரவரி 6

லாரி ஓட்டுநர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மீசைக்காரர் அதைக் கொடுக்கும்போது முகத்தை வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், வழியிலேயே படித்துவிட்டார் என்று தோன்றுகிறது. அடுத்த முறை நன்றாக ஒட்டி அனுப்பவும்.

நான் பேசியதைப் பற்றி இப்போது எழுதவில்லை. வேலையைப் பார்ப்போம்.

முதலில் சில கேள்விகள். ஆடுவது ஸ்டியரிங்கா, இருக்கையா? ஸ்டியரிங் என்றால் கோளாறு முன்னால், இருக்கை என்றால் பின்னால். பிரேக்கை மிதித்தால் ஆட்டம் கூடுகிறதா? கூடினால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. சுமையோடு மட்டுமா, காலி வண்டியிலுமா?

அடுத்து, கையைக் கறையாக்காமல் பார்க்கக்கூடியவை. இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவா? டயரில் எங்காவது புடைத்திருக்கிறதா? ரிம்முக்கு உள்பக்கம் சேறு காய்ந்து அப்பியிருக்கிறதா? ஒரு பிடி சேறு ஒரு பெரிய லாரியை ஆட்டி வைக்கும், பலர் இதை நம்புவதில்லை. சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா?

பிறகு பின் சக்கரங்களுக்கு நல்ல கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, அச்சுக்கு அடியில் கட்டை வைக்கவும். டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கவும். அசைந்தால் சக்கரம் சுழலும் பேரிங்கோ, அது இடம் வலம் திரும்பும் கிங் பின்னோ தேய்ந்திருக்கிறது. யாரையாவது பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசைக்கவும். அசைவு நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். அதன்பின் இடமும் வலமும் பிடித்து அசைக்கவும். அதில் அசைந்தால் இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள்.

எனக்கு இந்த மாதம் முடியும்வரை லீவு கிடையாது. பழைய பஸ் எல்லாம் தகுதிச் சோதனைக்கு வரிசையில் நிற்கிறது.

என் அண்ணன் என்று ஒருவர் அங்கே இருந்தால், கட்டுப் போட்ட கையை ஆட்ட வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
முன் அச்சுப் பிரிவு மெக்கானிக்


பிப்ரவரி 10

மெக்கானிக் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆடுவது ஸ்டியரிங். யாரோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல 'மாட்டேன் மாட்டேன்' என்று இடமும் வலமும் தலையாட்டுகிறது. இருக்கை அமைதியாக இருக்கிறது. ஐம்பதில் ஆரம்பம், அறுபதை நெருங்கும்போது உச்சம், அதையும் தாண்டினால் கொஞ்சம் தணிகிறது. பிரேக்கைத் தொட்டால் கூடவில்லை. காலி வண்டியிலும் உண்டு. என்ஜினாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் நேர் ரோட்டில் கியரை எடுத்துவிட்டு உருள விட்டேன். என்ஜின் முனகிக்கொண்டு கிடந்தது, ஆட்டம் அப்படியே இருந்தது. ஆகவே என்ஜின் இல்லை என்று வைத்துக்கொண்டேன். சரிதானா?

காற்று சரி. புடைப்பு இல்லை. ரிம்மில் சேறு இருந்தது, சுரண்டிக் கழுவினேன். அதற்கும் ஆட்டம் அசையவில்லை. இடது முன் சக்கரத்தில் மூன்று நட்டுகள் கொஞ்சம் இளகியிருந்தன. முடுக்கினேன். ஆட்டம் ஒருநாள் நின்று, மறுநாள் வந்துவிட்டது.

ஜாக்கியில் தூக்கி அசைத்தேன். பிரேக் மிதித்தது உங்கள் அண்ணன். "கையிலதானே கட்டு, கால் சும்மாதானே இருக்கு" என்று அவரே ஏறி உட்கார்ந்தார். மேலும் கீழும் அசைவில்லை, இடமும் வலமும் அசைவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டு விஷயம் நீங்கள் கேட்காதது. ஒன்று, காலையில் கிளம்பித் தார் ரோட்டைத் தொட்டதும் ஆட்டம் கடுமையாக இருக்கிறது. தோட்டத்துச் சரிவில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கி, கீழே சமவெளிக்கு வந்தால் அடங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் பழையபடி. இந்த லாரிக்கு நாங்கள் 'மாமனார்' என்று பேர் வைத்ததற்கு நீங்கள் கோபப்பட்டது நினைவிருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் அப்பாவும் காலையில்தானே சிடுசிடுப்பார், வெயில் ஏறினால் தங்கமாகிவிடுவார்.

இரண்டாவது. நேர் ரோடு, ஆள் இல்லை. உங்கள் அண்ணன் நல்ல கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அவர் கையிலும் அதே ஆட்டம். பிறகு ஒரே ஒரு கணம் இருவரும் கையை எடுத்தோம். ஸ்டியரிங் தானாக ஆடியது. யார் கையும் அதில் இல்லை.

அவர் என்னைப் பார்த்து, "பாத்தியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் என் கையை நீட்டிப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர்


பிப்ரவரி 13

ஓட்டுநர் அவர்களுக்கு,

ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பது குற்றம். இன்னொரு முறை செய்தீர்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறி வந்து சண்டை போடுவேன். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை எங்கள் பிரிவில் உரக்கப் படித்தேன். உறவு சம்பந்தப்பட்ட வரிகளை விட்டுவிட்டுத்தான். இங்கே ஓட்டுநர்கள் எழுதித் தரும் புகாரில் "முன்னால் ஆடுது, பார்க்கவும்" என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. எத்தனையில் தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே தணிகிறது, பிரேக்கில் என்ன, இறக்கத்துக்குப் பின் என்ன என்று எழுதிய ஒருவரை நான் பார்த்ததில்லை. கியரை எடுத்துவிட்டுப் பார்க்க நான் சொல்லவில்லை. அது நீங்களாக யோசித்தது, அதுதான் சரியான யோசனை. எங்கள் மேஸ்திரி கேட்டுவிட்டு, "யாரும்மா இவங்க, எந்த டிப்போ?" என்றார். "டிப்போ இல்ல, தேன் பெட்டி வச்சிருக்காங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

உங்கள் கையைப் பற்றி நான் சொன்னது தப்பு. முப்பதில் ஓடும் வண்டியை வைத்து அறுபதுக்குத் தீர்ப்பு எழுதினேன். எந்த வண்டியில் ஏறினாலும் என் காது அதற்குள் போய்விடும். பயணத்தில் நான் கண்ணை மூடியதே இல்லை, அண்ணனைக் கேட்டால் தெரியும். அந்தக் காதை நம்பித்தான் அன்று வாய் நீண்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இங்கே சிரிக்கிறார்கள். எடை விஷயத்தில் அது பொருந்தாது என்று நான் பதில் சொன்னேன்.

இனி கோளாறு. சூடானால் கூடும் ஆட்டம் எனக்கு நூறு தெரியும். சூடானால் குறையும் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். சுமையோடு ஒரே இடத்தில் நிற்கும் வண்டியில் டயரின் அடிப்பக்கம் தரையில் அழுந்தித் தட்டையாகிவிடும். ஓடிச் சூடானதும் மறுபடி வட்டமாகும். அதுதான் என்று நினைக்கிறேன். சரிபார்க்க வழி உண்டு: சாயங்காலமே முன் அச்சைக் கட்டையில் தூக்கி வைத்துவிடுங்கள், டயர் தரையில் படக் கூடாது. காலையில் இறக்கி உடனே ஓட்டுங்கள். ஆட்டம் இல்லையென்றால் டயர்தான் குற்றவாளி.

ஆட்டம் இருந்தால், சக்கரத்தைத் தூக்கி வைத்து, ஒரு குச்சியைச் செங்கல்லில் கட்டி ரிம்முக்குப் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம்முக்கும் குச்சிக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் சக்கரம் கோணலாகச் சுற்றுகிறது. ஆனால் நட்டு ஏன் இளகியது என்பது எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது.

அப்பா காலையில் சிடுசிடுப்பார் என்பது உண்மைதான். அதற்காக லாரிக்குப் பேர் வைப்பதா?

இப்படிக்கு,
மெக்கானிக்


பிப்ரவரி 17

மெக்கானிக்குக்கு,

'அவர்கள்' போட இன்று பொறுமை இல்லை. நடந்ததைக் கேள்.

கட்டையில் தூக்கி வைத்தேன். காலையில் இறக்கி ஓட்டினேன். ஆட்டம் இருந்தது. ஆகவே உன் டயர் நிரபராதி.

குச்சியும் செங்கல்லும் வைத்துச் சுற்றினேன். வலது சக்கரம் குச்சியை மதித்து ஒரே இடைவெளியில் சுற்றியது. இடது சக்கரம் ஒரு பக்கம் குச்சியைத் தொட்டுவிட்டு, மறுபக்கம் விலகிப் போனது. அரை விரல் கோணல். ரிம் வளைந்துவிட்டது, இனி மலையும் இல்லை, பெட்டியும் இல்லை என்று மனசு விட்டுப்போய், வண்டியைச் சரிவில் இறக்கிக் கொண்டுவந்து நிழலில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பார்த்தேன். இடது முன் சக்கரத்தில் தேனீக்கள். நாலைந்து அல்ல, ஒரு கூட்டம். நட்டுகளுக்கு நடுவே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. வலது சக்கரத்தில் ஒன்றுகூட இல்லை. "பாரேன், வண்டி மேல அதுங்களுக்கும் பாசம்" என்று உங்கள் அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உனக்கு வண்டிச் சத்தம் எப்படியோ எனக்குத் தேனீ அப்படி. அவை பாசத்துக்காக எங்கேயும் போகாது. பூ, தேன், தண்ணீர், மெழுகு, இவற்றில் ஒன்று இருக்கும் இடத்துக்குத்தான் போகும். எண்ணெயும் இரும்பும் நாறுகிற இடத்துக்கு ஏன் வருகின்றன?

அவற்றை விலக்கிவிட்டு மூக்கை வைத்தேன். சக்கரம் கொதிக்கக் கொதிக்க இருந்தது. அதில் வந்த வாசனையை நான் கண்ணைக் கட்டினாலும் சொல்வேன். தேன்மெழுகு.

உடனே தூக்கி, நட்டுகளைக் கழற்றினேன். போன வாரம் என் முழு எடையையும் கொடுத்து முடுக்கிய நட்டுகள் மறுபடி இளகியிருந்தன. சக்கரத்தை இழுத்தேன். டிரம்மும் சக்கரத் தகடும் முகத்தோடு முகம் உட்கார வேண்டிய இடத்தில் மஞ்சள் மெழுகு. ஒரு பக்கம் திட்டாக, ஒரு பக்கம் ஒன்றுமில்லாமல்.

திரும்பி உங்கள் அண்ணனைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். கத்தி, கரண்டி, கம்பி, எது இரும்போ அதற்கெல்லாம் மெழுகு தடவி வைப்போம், துருப் பிடிக்காது. இவர் அதைச் சக்கரத்துக்கும் செய்திருக்கிறார். "ஏன்யா இந்த வேலை?" என்றேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பொங்கலுக்குத் தங்கச்சி வரா வரான்னு சொன்னியே. போன தடவை சக்கரத்தைக் கழட்டிப் பாத்துட்டு, துரு இப்படி ஏறிக் கெடக்கு, வண்டி வச்சிருக்கீங்களா பழைய இரும்பு ஆக்கர் வச்சிருக்கீங்களான்னு நாள் பூரா திட்டினா. அதான் இந்தத் தடவை திட்டு வாங்காம இருக்கலாம்னு."

இடது சக்கரத்தை முடித்துவிட்டு, வலது சக்கரத்துக்குப் பரணிலிருந்து மெழுகு எடுக்கத்தான் ஏணியில் ஏறியிருக்கிறார். விழுந்துவிட்டார். அதனால்தான் ஒரு சக்கரத்தோடு நின்றது. அதனால்தான் ஆட்டமும் நானும் ஒரே வாரத்தில் லாரிக்கு வந்தோம்.

இனி என்ன செய்ய வேண்டும், சீக்கிரம் எழுது. 26க்கு அதிக நாள் இல்லை.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

இதை மீசைக்காரர் கையில் கொடுத்து, வழியில் வேறு எங்கும் நின்று பேசாமல் நேராக உங்களிடம் தரச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதுகிறபடி செய்து முடிக்கும்வரை வண்டியை ஒரு அடி நகர்த்தாதீர்கள். காரணம் சொல்கிறேன். காலையில் மெழுகு கெட்டியாக, ஒரு பக்கம் மேடாக இருக்கும். சக்கரம் அதன்மேல் கோணலாக உட்காரும், ஆடும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது டிரம் சூடாகி மெழுகு இளகும், சக்கரம் கொஞ்சம் சமமாக உட்காரும், ஆட்டம் அடங்கும். ஆனால் பிதுங்கி வெளியேறிய மெழுகின் அளவுக்கு நட்டு இளகிப்போகும். ஆட்டம் அடங்கியபோதெல்லாம் வண்டிக்குச் சரியாகிவிட்டது என்று நீங்கள் நிம்மதிப்பட்டீர்கள். உண்மையில் அப்போதுதான் சக்கரம் கழன்றுகொள்ளத் தயாரானது. மலைப்பாதையின் இறக்கம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

செய்ய வேண்டியது: மெழுகை மரத்துண்டால் சுரண்டுங்கள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கம்பி பிரஷ் போட்டு, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். டிரம் முகம், சக்கரத் தகடு, நட்டு உட்காரும் குழிகள் எல்லாம் இரும்பு இரும்பாகத் தெரிய வேண்டும். துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, துளை நீண்டிருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். இருந்தால் அந்தச் சக்கரம் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள். நட்டுகளைச் சுற்றுவட்டமாக முடுக்காமல் எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். குச்சியை வைத்து மறுபடி சுற்றிப் பாருங்கள். காலி வண்டியில் கொஞ்ச தூரம் போய் வந்து மறுபடி முடுக்குங்கள். பெட்டிகளோடு போகும்போது, மலை ஏறுவதற்கு முன் நிறுத்தி இன்னொரு தடவை.

அண்ணனைத் திட்டாதீர்கள். அவர் தடவியது மெழுகுதான், தடவ வைத்தது என் வாய்.

இன்னொன்று. நான் இந்த வேலைக்கு வந்து தலையில் நரை கண்டுவிட்டது. சக்கரத்தைத் தட்டிக் கண்டுபிடித்திருக்கிறேன், தடவிக் கண்டுபிடித்திருக்கிறேன், கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன். மூக்கை வைத்துக் கண்டுபிடித்தவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே இருந்தவர்களிடம் சொன்னேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாய் என்றார்கள். போட்டது நான் இல்லை, எங்கள் அண்ணி என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பெட்டிகளோடு நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 24

என் நாத்தனாருக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். எல்லாப் பெட்டிகளும் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. திறந்து பார்த்தேன், ஓர் அடைகூட உடையவில்லை. பூ இங்கே இப்போதுதான் விரிகிறது. தேனீக்களுக்கு ஊர் மாறிய குழப்பம் காலையில் கொஞ்சம் இருந்தது, மத்தியானத்துக்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டன. இரண்டு நாளில் நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். விரிசல் இல்லை, துளைகள் வட்டமாக இருந்தன. குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. அதைப் பார்ப்பதற்காகவே தேவையில்லாமல் நாலைந்து சுற்றுச் சுற்றினேன். தார் ரோட்டில் ஐம்பது வந்தது. அறுபதும் வந்தது. ஸ்டியரிங் சும்மா இருந்தது. "என்ன, மாமனார் மௌன விரதமா?" என்றார் உங்கள் அண்ணன்.

மலையடிவாரத்தில் நிறுத்தி நட்டு முடுக்கலாம் என்று இறங்கினால், எனக்கு முன்னால் ஒரு பஸ் ஓரங்கட்டி நிற்கிறது. பயணிகள் எல்லாரும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீசைக்காரர் நீளமான ஸ்பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நோக்கி வருகிறார்.

"டிப்போ அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார். "நீங்க முடுக்கினதுக்கு மேல நான் ஒரு தடவை பாக்கணுமாம். பாக்காம வந்தா என் பஸ்ஸைத் தொட மாட்டாங்களாம்."

பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டு, காலை ஊன்றி, மீசை நடுங்க அழுத்திப் பார்த்தார். எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எதுவும் நகரல. போய்ச் சொல்லிடறேன்" என்றார். பஸ்ஸில் ஏறப் போனவர் திரும்பி வந்து, "உங்க கடிதம் எல்லாம் நல்லாருக்கும்மா. இனிமே எழுத மாட்டீங்களா?" என்றார். ஒட்டினாலும் படித்திருக்கிறார்.

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை அந்த மலை ஏறும்போது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பார்க்காத சக்கரத்தை, கேட்காத சத்தத்தை, நான் எழுதிய நாலு வரியை வைத்துக்கொண்டு பிடித்தாயே. பேரிங், கிங் பின், டை ராடு, டயர் என்று நீ ஒவ்வொன்றாகக் கழித்துத் தந்திருக்காவிட்டால், தேனீக்கள் வந்து உட்கார்ந்ததை நானும் பாசம் என்றே நினைத்துவிட்டுப் போயிருப்பேன். உன்னைப்போல ஒருத்தி என் வீட்டு உறவு என்பதை இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பாட்டில் தேன் அனுப்பியிருக்கிறேன். மீசைக்காரருக்குத் தனிப் பாட்டில் கொடுத்துவிட்டேன், ஆகவே உன்னுடையது முழுதாக வர வேண்டும்.

அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

பாட்டில் முழுதாக வந்தது. மீசைக்காரர் "எதுவும் நகரல" என்று டிப்போ வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். நான் அப்போது ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக்கிடந்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

போன வாரம் ஒரு டிரைவர் வந்து, வண்டி ஆடுகிறது என்றார். எங்கள் ஆட்கள் வழக்கம்போல, ஆடுவது கைதான் என்றார்கள். நான் அவரை உட்கார வைத்து, எத்தனையில் தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாவம், அவரை இதுவரை யாரும் கேட்டதில்லைபோல. பேசிக்கொண்டே இருந்தார்.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. வருகிற ஞாயிறு வருகிறேன். நிறுத்தத்திலிருந்து அண்ணனோடு நடந்து வர மாட்டேன், நீங்கள்தான் மாமனாரோடு வந்து கூட்டிப் போக வேண்டும். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் நின்றால் இன்னும் நல்லது.

ஸ்பேனர் எதுவும் கொண்டுவரவில்லை. நட்டைத் தொட மாட்டேன், காதைத் தீட்ட மாட்டேன். நான் எந்த வண்டியிலும் கண்ணை மூடியவள் இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. நிறுத்தத்தில் ஏறி, கதவைச் சாத்தி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கப் போகிறேன். வீடு வந்த பிறகு எழுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்